பழைய ஹைப்ரிட்டின் முன் ஃபோர்க்: எந்தச் சத்தத்துக்கு என்ன பிழை, எந்த அளவில் வாங்குவது

2022 இல் பெற்றோல் வரிசை நீண்டுகொண்டே போன நாட்களில், கொழும்பில் பலரைப் போல நானும் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். 700 சீ என்னும் அளவுச் சில்லு, ரிம்மை இரு பக்கமும் கட்டையால் கவ்வும் வீ-பிரேக், முன்னால் அமுங்கி எழும்பும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சில்லைத் தாங்கும் கவை), பின்னால் கரியர் பூட்ட ஓட்டை. ஹைப்ரிட் என்று சொல்லும் சாதி. வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டிக்குத் தினமும் ஓடினேன். ஒரு நாள் முன்பக்கம் 'டொக் டொக்' என்றது. ஃபோர்க் போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, அளவே எடுக்காமல் ஒன்றை வாங்கி வந்தேன். அது பொருந்தவில்லை. அதைவிட வெட்கம், பழைய ஃபோர்க் அன்றைக்குப் போகவே இல்லை.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் அறிகுறியைப் பாருங்கள்.

முன் பிரேக் பிடித்து ஆட்டினால் 'டொக்' என்கிறது

ஃபோர்க்கின் மேல் அநியாயமாகப் பழி விழுவது பெரும்பாலும் இதில்தான். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள். மற்றக் கையின் விரலை ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்னால் நிற்கும் குட்டைக் குழாய்) அடியில், பெயரிங் கப்பும் ஃபோர்க்கின் தோளும் சந்திக்கும் இடுக்கில் வையுங்கள். சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலில் அசைவு பட்டால் ஹெட்செட், அதாவது ஃபோர்க்கைத் திரும்பவிடும் பெயரிங் தொகுதி, தளர்ந்திருக்கிறது. ஃபோர்க் மாற்றத் தேவையில்லை.

இறுக்கும் விதம் இரண்டு. ஹாண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு அலன் ஆணி இருந்தால் அது மரை இல்லாத வகை. முதலில் அந்த இரண்டையும் தளர்த்துங்கள். பிறகு உச்சியில் உள்ள மூடி ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கி, ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் பக்க ஆணிகளை 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். மூடி ஆணியின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான், ஹாண்டிலைப் பிடித்து வைத்திருப்பது பக்க ஆணிகள். பக்க ஆணியைத் தளர்த்தாமல் மூடியை முறுக்கிக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. நான் ஒரு வாரம் அப்படித்தான் முறுக்கினேன்.

ஸ்டெம் குழாய்க்குள் இறங்கி நிற்க, அதன் கீழே பெரிய நட்டு இரண்டு ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் அது மரை உள்ள வகை. கீழ் நட்டு ஆட்டத்தை எடுக்கும், மேல் நட்டு அதைப் பூட்டும். 1 அங்குல ஹெட்செட்டுக்கு 32 மி.மீ. ஸ்பானர், 1⅛ அங்குலத்துக்கு 36 மி.மீ. ஸ்பானர். குறட்டால் கடித்து இழுக்காதீர்கள், நட்டின் மூலை உருண்டுவிடும்.

ஹெட்செட்டில் அசைவு இல்லையென்றால் விரலைக் கீழே கொண்டுபோங்கள். பளபளப்பான உள் குழாய் தடித்த கீழ்க் காலுக்குள் நுழையும் இடத்தில் பிடித்து, திரும்ப ஆட்டுங்கள். மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் புதிதாக இருக்கும்போதே இங்கே கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் கீழ்க் கால் முன்பின் போனால் உள்ளே புஷ் (குழாய் வழுக்கி ஓடும் வளையம்) தேய்ந்துவிட்டது. அந்த விலை ஃபோர்க்குக்குப் புஷ் தேடி அலைவது வீண் என்பது என் கருத்து. அதுதான் மாற்றும் நேரம்.

ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. வீ-பிரேக்கின் கைகளே சில நேரம் ஆடிச் சத்தம் போடும். பிரேக்கை விட்டுவிட்டு முன் சில்லைச் சுவரில் முட்டவைத்துத் தள்ளிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி பிரேக். ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் ஹப்பின் (சில்லின் நடு உருளை) கோன், அதாவது அதன் பெயரிங்கை இறுக்கும் துண்டு, தளர்ந்திருக்கிறது.

ஆமர் வீதிப் பக்கத்துத் திருத்தகம் ஒன்றில் என் சைக்கிளை ஆட்டிப் பார்த்த பாஸ் சிரித்தார். "தம்பி, ஃபோர்க்கை விடுங்க. முதல்ல இந்த ரெண்டு ஆணியையும் பாருங்க." இரண்டு நிமிட வேலை. புதிதாக வாங்கிய ஃபோர்க்கை நான் அவருக்குக் காட்டவே இல்லை.

ஹாண்டில் நேராக வரும்போது ஒரு குழிக்குள் விழுகிறது

சில்லை நிலத்திலிருந்து தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். சரியாக நடுவில் 'டக்' என்று நின்றால் பெயரிங் குண்டுகள் கப்பில் பள்ளம் போட்டிருக்கின்றன. தளர்ந்த ஹெட்செட்டோடு பல மாதம் ஓடினால் இது வரும். குண்டு மட்டும் மாற்றினால் புதிய குண்டு பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும், ஹெட்செட்டையே மாற்ற வேண்டும். ஃபோர்க்கும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், கூலி ஒன்றுதான்.

சஸ்பென்ஷன் அமுங்குவதே இல்லை, அல்லது அமுங்கினால் எழும்புவதில்லை

எனக்குக் கடைசியில் வந்தது இது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மரைன் டிரைவில் காற்றே உப்பு. மலிவான ஃபோர்க்கின் உள் குழாய் இரும்பு, அதன் மேல் மெல்லிய குரோம் பூச்சு. பூச்சில் ஒரு புள்ளி விட்டாலும் அதிலிருந்து துரு பரவும். துருப்பிடித்த குழாய் ரப்பர் சீலை அரம் போல அராவும். சீல் கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு தென்மேற்குப் பருவம் போதும்.

முதலில் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீருங்கள். தோளில் திருகும் குமிழ் இருக்கிறதா? சில மாடல்களில் அது ஸ்பிரிங்கை இறுக்கும், சிலவற்றில் அசைவையே பூட்டிவிடும். பூட்டிய குமிழோடு ஃபோர்க் இறுகிவிட்டது என்று வண்டி கொண்டு வருபவர்கள் உண்டு.

குமிழில் பிழை இல்லை, குழாயும் மினுங்குகிறது என்றால் உள்ளே கிறீஸ் காய்ந்திருக்கலாம். பல மாடல்களில் கீழ்க் கால்களின் அடியில் ஒவ்வோர் ஆணி இருக்கும். அவற்றைக் கழற்றினால் கீழ்க் கால் முழுதாக இறங்கி வரும். துடைத்து, புஷ்ஷில் புதுக் கிறீஸ் பூசித் திரும்பப் போட்டால் உயிர் வரும். குழாயில் நகம் தடக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் இந்தப் பாடு வேண்டாம், இரண்டு கிழமையில் பழைய கதைதான்.

அப்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கொழும்பு வீதிக்கு சஸ்பென்ஷன் தேவைதானா? 700 சீ ஹைப்ரிட்டுகளில் வரும் சாதாரண சஸ்பென்ஷன் ஃபோர்க் 2 கிலோவுக்கு மேல் நிறை. அசைவு 63 மி.மீ. அளவில். அதே அளவு வண்டிக்கு சஸ்பென்ஷன் இல்லாத குரோமோலி இரும்பு ஃபோர்க் ஏறக்குறைய 1 கிலோ. உள்ளே துருப்பிடிக்கவோ இறுகவோ எதுவும் இல்லை. பள்ளம் மேட்டுக்கு 38 மி.மீ. டயரைக் கொஞ்சம் காற்றுக் குறைத்து ஓடினால் மணிக்கட்டு தப்பும். நான் அப்படித்தான் மாறினேன், திரும்பிப் போக மனமில்லை.

கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறது

முச்சக்கர வண்டியின் பின்னால் முட்டிய பிறகு இப்படி ஆனால் ஃபோர்க் வளைந்திருக்கக்கூடும். பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஹெட் டியூபின் கோட்டிலிருந்து கால்கள் பின்னோக்கிப் போயிருந்தால் தெரியும். சப்பாத்து முனை திடீரென்று முன் டயரில் உரசுவதும் அதே அடையாளம்.

இடம் வலமாக வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ரிம்முக்கும் இரு கால்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் சில்லைக் கழற்றி, இடம் வலம் மாற்றித் திரும்பப் போடுங்கள். குறைவு அதே காலின் பக்கமே நின்றால் ஃபோர்க் பிழை. மறு பக்கம் போய்விட்டால் சில்லு பிழை, கம்பிகளை இழுத்து நடுவுக்குக் கொண்டுவரலாம்.

வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தித் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள். நிமிர்த்திய இடம் சொல்லாமல் ஒடியும், ஒடிந்தால் முதலில் வீதியைத் தொடுவது உங்கள் முகம். புதியது வாங்கும் முன் ஃபிரேமையும் பாருங்கள். ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், சாய்ந்த கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் ஃபிரேமும் அடி வாங்கியிருக்கிறது. அதற்குப் புதிய ஃபோர்க் போடுவது செத்த மாட்டுக்கு லாடம்.

ஃபோர்க்கில் எங்காவது வெடிப்புக் கண்டால் மேலே உள்ள எதுவும் தேவையில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் முழுவதும் நடுங்குகிறது

மேலே கம்பி தொங்கும் பழைய கண்டிலீவர் பிரேக்கில் இது பழைய வியாதி. கம்பியின் தாங்கி ஹெட்செட்டுக்கு மேலே இருந்தால், ஃபோர்க் பின்னால் வளையும்போது கம்பி தானாக இறுகும், பிடி கூடும், ஃபோர்க் இன்னும் வளையும், பிறகு விடும். இது நொடிக்குப் பல தடவை நடப்பதுதான் நடுக்கம். வீ-பிரேக்குக்கு மாறினால் தீரும். கைப்பிடி லீவரும் அதற்குரியதாக இருக்க வேண்டும்.

சரி, மாற்றத்தான் வேண்டும்

பழைய ஃபோர்க்கைக் கழற்றி மேசையில் வையுங்கள். ஒரு கடதாசி, ஒரு அளவுகோல். முடிந்தால் வேர்னியர்.

முதலில் சில்லு. டயரின் பக்கத்தில் 37-622 போல ஓர் எண் இருக்கும். பின் பாதி 622 என்றால் 700 சீ. 559 என்றால் 26 அங்குல மவுண்டன். 'இருபத்தெட்டு', 'இருபத்தாறு' என்று வாயால் சொல்லும் அளவை நம்பாதீர்கள். பழைய 28 அங்குலச் சைக்கிளின் ரிம் 635, 700 சீயை '28' என்று அடித்திருக்கும் டயரும் உண்டு, ரீகண்டிஷனில் வரும் ஜப்பான் சைக்கிள்களின் 26 × 1⅜ என்பது 590. மூன்று இலக்கமும் பொருந்தினால்தான் பொருந்தும்.

அடுத்து ஹெட் டியூபுக்குள் போகும் தண்டு. மேசையில் கிடக்கும் தண்டைச் சுற்றிக் கடதாசித் துண்டு ஒன்றைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு நீட்டி அளங்கள். 80 மி.மீ. வந்தால் 1 அங்குலம், 90 வந்தால் 1⅛ அங்குலம். வேர்னியர் இல்லாத வீட்டுக்கு இது போதும். அடியில் மட்டும் 1½ அங்குலமாக அகலும் புதிய தண்டு பழைய ஹெட் டியூபுக்குள் நுழையாது, அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

மூன்றாவது அளவைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை, சைக்கிளின் குணத்தையே மாற்றுவதும் அதுதான்: அச்சின் நடுவிலிருந்து, ஹெட்செட்டின் அடிக் கோன் (ஃபோர்க்கில் இறங்கும் பெயரிங் வளையம்) உட்காரும் தோள் வரை உள்ள நீளம். பழையது சஸ்பென்ஷன் என்றால் பாரமில்லாத நிலையில் அளந்து, நீங்கள் ஏறி உட்காரும்போது அமுங்கும் 15 மி.மீ. அளவைக் கழியுங்கள். என்னுடையது 455, கழித்தால் 440. புதிய ஃபோர்க் 430க்கும் 450க்கும் இடையில் இருந்தால் வண்டி பழைய வண்டியாகவே இருக்கும். ஹெட் டியூபின் சாய்வு ஏறக்குறைய ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் ஒரு பாகை மாறுகிறது. கேட்கச் சின்னது, ஹாண்டிலில் பிடித்தால் தெரியும்.

டாம் வீதியிலோ புறக்கோட்டையிலோ கடை ஏறும்போது இந்த எண்களைக் கையில் வைத்திருங்கள். முடிந்தால் பழைய ஃபோர்க்கையே தூக்கிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் முறைப்பார்கள், பரவாயில்லை.

அளந்தும் பிழைத்தால் பின்வரும் அறிகுறிகள்.

பிரேக் கட்டை ரிம்மில் படவில்லை, சில்லுக் கம்பியில் போய் நிற்கிறது

நான் முதலில் வாங்கி வந்தது இந்த ரகம்: 26 அங்குல மவுண்டன் ஃபோர்க். தண்டு சரி, நீளமும் கிட்டத்தட்டச் சரி, சில்லும் உள்ளே போனது. வீ-பிரேக் பூட்டும் முளை மட்டும் 3 சென்ரிமீற்றர் கீழே. 622இலிருந்து 559ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 31.5 மி.மீ., அவ்வளவும் வித்தியாசம். கட்டையை மேலே நகர்த்தி ஈடுகட்ட முடியாது. 700 சீக்கென்று முளை வைத்த ஃபோர்க்தான் வேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு மாறத் தயாராக இருந்தால் கதை வேறு. டிஸ்க்குக்கு ரிம் எங்கே இருக்கிறது என்பது கவலையில்லை, ஆகவே நீளமும் டயர் இடைவெளியும் போதுமான 26 அங்குல டிஸ்க் ஃபோர்க் 700 சீ சில்லோடு ஓடும். ஆனால் டிஸ்க் பூட்டும் ஹப்போடு புதிய முன் சில்லு வேண்டும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முன்பக்கம் எழும்பி நிற்கிறது, திருப்பினால் சோம்பலாகத் திரும்புகிறது

ஃபோர்க் நீளம். 29 அங்குல மவுண்டன் ஃபோர்க் போட்டால் இது நடக்கும். 29ம் 700 சீயும் ஒரே 622 ரிம் என்பதால் 'பொருந்தும்' என்று தருவார்கள், பொருந்தவும் செய்யும். ஆனால் 100 மி.மீ. அசைவுள்ள 29 ஃபோர்க் 500 மி.மீ. அளவுக்கு நீளும். 440 இருந்த இடத்தில், அமுங்கிய பிறகும் 480. இரண்டு பாகை சாய்வு. மெதுவாகப் போகும்போது ஹாண்டில் பக்கவாட்டில் சரியும், காலிக்குப் போகும் வீதியில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் நெளிந்து போக மனம் வராது. போதாததற்கு அவற்றில் பலவற்றில் வீ-பிரேக் முளையே இல்லை.

வளைவில் பெடல் தரையைத் தட்டுகிறது, சப்பாத்து டயரில் படுகிறது

எதிர்ப் பக்கம்: ஃபோர்க் குட்டை. சஸ்பென்ஷன் இருந்த இடத்தில் 395 மி.மீ. நீள டூரிங் ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் 4 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கும், பெடல் அச்சும் ஏறக்குறைய 17 மி.மீ. தாழும். ஹாண்டிலும் பதற்றமாகத் திரும்பும். பார்க்க அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

அடிக் கோன் இறங்கவில்லை, அல்லது தொளதொளக்கிறது

1 அங்குலத் தண்டில்தான் இந்தத் தலையிடி. கோன் உட்காரும் இடம் சிலவற்றில் 26.4 மி.மீ., ஜப்பான் அளவில் 27.0. இந்த 0.6 மி.மீ.க்காகச் சுத்தியலை எடுக்காதீர்கள். ஃபோர்க்குக்குப் பொருந்தும் ஹெட்செட்டாக மாற்றுங்கள்.

தண்டு மேலே எட்டவில்லை

மரை இல்லாத வகையில் ஹெட் டியூப், ஹெட்செட்டின் மேல் கீழ்ப் பகுதிகள், ஸ்டெம்மின் உயரம் எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் வேண்டிய நீளம். நீளமானதை வெட்டலாம், குட்டையை நீட்ட முடியாது. வெட்டும்போது தண்டின் நுனி ஸ்டெம்மின் உச்சிக்கு 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி தண்டில் முட்டி ஹெட்செட் இறுகாது. முதல் தடவை ஸ்டெம்முக்கு அடியில் போடும் வளையங்களுக்கு 2 சென்ரிமீற்றர் கூடுதலாக விட்டே வெட்டுங்கள். ஹாண்டில் உயரம் ஒத்துவருகிறதா என்று ஒரு மாதம் ஓடிப் பார்த்த பிறகு மிச்சத்தை வெட்டலாம்.

மரை உள்ள வகையில் நீளம் சில மி.மீ.க்குள் பொருந்த வேண்டும், அந்த நீளத்தில் நல்லது கிடைப்பது கடினம். அப்படி மாட்டிக்கொண்டால் ஹெட்செட்டோடும் ஸ்டெம்மோடும் சேர்த்து மரை இல்லாத வகைக்கு மாறிவிடுங்கள். 1⅛ அங்குல ஹெட் டியூபில் இரண்டு வகைக் கப்பும் ஒரே ஓட்டையில்தான் உட்காரும்.

சில்லு டிராப்அவுட்டில் (அச்சு உட்காரும் ஃபோர்க் நுனி வாய்) நுழையவில்லை

பழைய ஹைப்ரிட்டின் முன் ஹப் 100 மி.மீ. அகலம், 9 மி.மீ. அச்சு, கீழே திறந்த வாய். புதிய ஃபோர்க்கில் வாய் மூடிய 15 மி.மீ. ஓட்டை இருந்தால் அது வேறு ஹப்புக்கு உரியது. திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஓட்டத்தை ஞாயிறு காலை, வீதி வெறிச்சென்று இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெதுவாக உருட்டி, முன் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்துங்கள். புதிய கப்பும் கோனும் முதல் சில நாட்களில் சற்று அமர்ந்து இறங்கும், ஆகவே மூன்று நாள் கழித்து விரலை அந்த அடி இடுக்கில் திரும்ப வையுங்கள். அசைவு இருந்தால் பக்க ஆணியைத் தளர்த்தி, மூடியைக் கால் சுற்று. எனக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது. பெட்டியோடு அலுமாரிக்கு மேலே கிடந்த அந்த 26 அங்குல ஃபோர்க், பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் மவுண்டன் சைக்கிளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.